ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு நிக்காஹ்

“சேர், ஒரு பாட்டுப் பாடுங்க.”

சொன்னவள் பக்கத்து ஊர், காரைதீவுப் பிள்ளை. சுகந்தி என்று பெயர். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ். என் மகளை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சின்ன அறை. ஒரு மேசை, மூன்று கதிரை. கோப்பை, சீப்பு, வாழைப்பழம் என்று படம் ஒட்டிய அட்டைகள். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அந்த அட்டைகள் மெல்லப் படபடத்தன. மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களின் இரைச்சல் யன்னலால் வந்துகொண்டிருந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனைவி நஸீமா, சால்வை ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மின்விசிறியில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அவள் சிரித்ததில் நியாயம் உண்டு. இந்தப் பத்திரிகைத் தொடரை இந்தக் கிழமைதான் முதன்முதலாகப் பிரித்தவர்களுக்கு என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளம் இல்லாமல் செய்த வேலை இன்னொன்று இருந்தது. ஊரில் எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் போய் நிறுத்துவேன்.

அப்படிப்பட்ட மனிதனிடம் பாட்டுக் கேட்கிறாள். கோபம் தலைக்கேறியது. அவளுக்கு நெடிய பதில் ஒன்று சொல்ல நினைத்தேன். மார்க்கம், ஒழுக்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று மூன்று பகுதியாக மனதுக்குள் ஒழுங்குபடுத்தியும் விட்டேன். வாயைத் திறந்தேன்.

“பிழை” என்றேன்.

அது ஒன்றுதான் வந்தது. அப்போது எனக்கு மிஞ்சியிருந்ததும் அந்த ஒரு சொல்தான்.

மிஞ்சிய சொல்

பாரிசவாதம் வந்தது அதற்கு இரண்டு கிழமைக்கு முன், ஒரு காலை நேரம். சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினேன். கோப்பை என் கையில் இருக்கவில்லை. நிலத்தில் கிடந்தது. வலது கை யாருடையதோ போலத் தொங்கியது. “கை விறைக்குது” என்று நஸீமாவைக் கூப்பிட நினைத்தேன். “பிழை, பிழை” என்றேன். தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று நினைத்து அவள் குசினிக்குள் இருந்தே பதில் சொன்னாள்.

மூளையின் இடது பக்கத்தில், பேச்சை உண்டாக்குகிற இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்றார் டாக்குத்தர். கேட்பதெல்லாம் விளங்கும். சொல்ல வேண்டியதும் தலைக்குள் வரிசையாக நிற்கும். வாய்க்கு வரும் வழியில் மட்டும் பாதை உடைந்துவிட்டதாம். உடைந்த பாதையைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்தது ‘பிழை’ ஒன்றுதான். ஆயிரக்கணக்கான கொப்பிகளில் சிவப்புப் பேனையால் எழுதிய சொல். வகுப்பில் நாளுக்கு நூறு தரம் சொன்ன சொல். என் மூளைக்கு எதைக் கைவிடக் கூடாது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பார்க்க வந்தவர்கள் பாடுபட்டார்கள். “அஸ்ஸலாமு அலைக்கும் சேர்” என்பார்கள். “பிழை” என்பேன். “சுகமா?” “பிழை.” “அல்லாஹ் லேசாக்குவான்.” அதற்கும் அதையே சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வாயை இடது கையால் மூடிக்கொள்வேன். வந்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் அழுவார்கள்.

நஸீமா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “இதுல புதுசா என்ன இரிக்கி? கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து இதத்தானே கேட்டுட்டு வாறன்” என்றாள்.

(இப்போது இந்தத் தொடரை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். மேலே உள்ள வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். எழுத்துப் பிழை பார்க்கிறாளாம்.)

நான் நிறுத்தியவை

எங்கள் தெருவுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுவருகிற முச்சக்கர வண்டி ஒன்று உண்டு. தூரத்தில் வரும்போதே ஒரு மெட்டு ஒலிக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள். நான் அந்தப் பாண்காரனை மறித்து, மெட்டை நிறுத்தினால்தான் இந்தத் தெருவில் வியாபாரம் என்றேன். பாவம், நிறுத்தினான். அதற்குப் பிறகு அவன் வருவது ஒருவருக்கும் தெரியாமல் போனது. ஒரு மாதம் எங்கள் தெரு பாணில்லாமல் மார்க்கத்தோடு இருந்தது.

மருமகன் முறையான ஒருவனின் கலியாணத்தில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பாட்டு வயர் இல்லை, மின்விசிறி வயர். பாட்டு தொடர்ந்தது. சாப்பிட்டவர்கள் வியர்த்தார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. கலியாணமான புதிதில் நஸீமா அரிசி புடைக்கும்போது தன்பாட்டில் முனகுவாள். சொல்லெல்லாம் இல்லை, வெறும் ராகம். நல்ல குரல். ஒரு நாள் கொப்பி திருத்திக்கொண்டிருந்த நான், தலையைத் தூக்காமலே, “அத நிப்பாட்டு” என்றேன். நிறுத்தினாள். பிறகு ஒரு நாளும் அவள் முனகியதில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஹஸ்னாவின் பிடிவாதம்

பாரிசவாதத்துக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை. மகள் ஹஸ்னாவின் நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மாப்பிள்ளை அஸ்லம், ஒலுவில் ஊர்ப் பிள்ளை. கத்தாரில் வேலை. லீவு எடுத்து, டிக்கட் போட்டு, திரும்பிப் போகிற நாளும் குறித்தாகிவிட்டது. நாளைத் தள்ளிப்போட வழியில்லை.

நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன்தான் வலி, அதாவது பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சாட்சிகள் கேட்க, “என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஏலாவிட்டால் இன்னொருவரை வக்கீலாக வைத்துச் சொல்ல வைக்கலாம். மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஊரில் எத்தனையோ பேர் கூச்சத்தில் மௌலவியிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் தலைவர். பாட்டு நிறுத்துகிற வேலையில் எனக்குத் தலைவரும் அவர்தான். வந்தவுடனேயே முடிவைச் சொன்னார். “நான் வக்கீலா இரிந்து சொல்றன். நீ பேசாம இரி.” இப்படிச் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று அவரே யோசித்து, “அதான், சும்மா இரி” என்று திருத்திக்கொண்டார்.

ஹஸ்னா கதவடியில் நின்றாள். பொதுவாகப் பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வராத பிள்ளை.

“பெரியவாப்பா, கோவிக்காதீங்க. வாப்பா சொன்னாத்தான் நிக்காஹ்.”

“அவனுக்கு ஏலாதே மகள்!”

“ஏலும். இன்னும் நாள் இரிக்கி. எனக்கு மாப்பிள்ள பாத்தது வாப்பா. இந்த வீட்டக் கட்டினது வாப்பா. கைபுடிச்சுக் குடுக்கிற நேரம் மட்டும் வேற ஆளா? வாப்பா உசிரோட பக்கத்துல இரிக்கக்குள்ள, இல்லாத ஆள்மாதிரி அவர ஒதுக்க எனக்கு மனம் வராது.”

அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் சொல்லி முடித்தாள். காக்கா என்னைப் பார்த்தார். என் மகளை எனக்கு அன்றைக்குப் பிடித்த அளவு எப்போதும் பிடித்ததில்லை. “பிழை” என்று சொல்லிவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஒரு வசனம். அதைச் சொல்லத் தெரியாத ஒருவன். இரண்டு மாதத்துக்கும் குறைவான நாட்கள்.

ஓரேழு ஏழு

இப்போது அந்தச் சின்ன அறைக்குத் திரும்புவோம். நான் “பிழை” என்றதும் சுகந்தி மிஸ் முகம் சுளிக்கவில்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ.

“பாட்டு மூளையில மற்றப் பக்கத்தையும் பிடிச்சுக்கொண்டு நிக்குது சேர். கதைக்கிற பாதை உடைஞ்சவங்களுக்கும் பாட்டு வாறதுண்டு. அந்தப் பாதையால சொல்லக் கொண்டுவந்து பாப்பம்.” பிறகு நஸீமாவிடம் திரும்பினாள். “சேருக்குத் தெரிஞ்ச பாட்டு என்ன?”

“அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் நிப்பாட்டின பாட்டுத்தான் மிஸ்.”

“சின்ன வயசுல பாடினது?”

“இவர் சின்ன வயசுலயே இப்பிடித்தானாம். மாமி சொல்லியிருக்கா.”

சுகந்தி மிஸ் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். “சேர் என்ன படிப்பிச்சவர்?”

“கணக்கு.”

அவள் மேசையில் மெதுவாகத் தட்டினாள். பிறகு, ஏதோ ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, நீட்டி முழக்கி, “ஓரேழு…” என்று தொடங்கி நிறுத்தினாள்.

“ஏழு” என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஈரேழு…”

“பதினாலு.”

“மூவேழு…”

“இருவத்தொண்டு. நாலேழு இருவத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு…” பிறகு அவள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டு அறுந்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. ஏழேழு நாற்பத்தொன்பதில் நஸீமா அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் தெரியவில்லை. பதின்மூன்று, பதினான்கு என்று போயிருப்பேன், சுகந்தி மிஸ்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இது பாட்டுத்தான் சேர்” என்றாள்.

“பிழை” என்றேன். இந்த முறை மனதறிந்தே சொன்னேன்.

“கேளுங்க. முதல் சொல்லு மேல போகுது. விடை கீழ இறங்குது. ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஏத்தம், ஒரே இறக்கம், ஒரே தாளம். இதச் சும்மா கதைக்கிற மாதிரிச் சொல்லச் சொன்னா ஆரும் பாதியில தடுமாறுவாங்க. நீங்க இத்தின வருசமாப் பிள்ளையளுக்குப் பாட்டுத்தான் படிப்பிச்சிருக்கிறீங்க.”

முப்பது வருடம். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஊரிலேயே பெரிய பாட்டுக் கச்சேரி என் வகுப்பறையில்தான் நடந்திருக்கிறது. அதற்குத் தாளம் போட்ட பிள்ளைகளை, காலும் கையும் ஆட்டாதே என்று அடித்தும் இருக்கிறேன்.

இடது கை

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் கணக்காகவே கிடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ஏழாம் வாய்ப்பாடு. மலசலகூடம் போக வேண்டுமென்றாலும் ஏழாம் வாய்ப்பாடு. எந்த ஏழு எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் சில வேளை காரியம் பிந்திவிடும்.

அந்த ராகத்துக்குள் வேறு சொற்களை ஏற்ற வேண்டும் என்றாள் சுகந்தி மிஸ். ‘ஓரேழு’ இருந்த இடத்தில் ‘தண்ணி’. ‘ஏழு’ இருந்த இடத்தில் ‘தாங்க’. ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் மேசையில் ஒரு தட்டு. இடது கைதான் மற்றப் பக்கத்து மூளையை எழுப்புமாம். நல்ல காரியம் எதற்கும் இடது கையை நீட்டக் கூடாது என்று பிள்ளைகளின் கையில் பிரம்பால் போட்டவன் நான். இப்போது இடது கை தட்டினால்தான் ஒரு வாய் தண்ணீர்.

“வீட்டுல ஒராள் முன்னால பாடிக் குடுக்கணும். அம்மா செய்வீங்கதானே?” என்று நஸீமாவைக் கேட்டாள்.

நஸீமா ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொடங்குவாள் என்று இடது கையைத் தயாராக மேசையில் வைத்தேன்.

“தொடங்க முந்தி ஒண்டு கேக்கணும்” என்றாள். “அண்டைக்கி நான் அரிசி புடைக்கக்குள்ள நிப்பாட்டச் சொன்னீங்களே. ஞாபகம் இரிக்கா? அது சரியா, பிழையா?”

“பிழை” என்றேன்.

பாரிசவாதம் வந்த நாளிலிருந்து ஆயிரம் தரம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன். சரியான இடத்தில் சொன்னது அன்றைக்குத்தான். அவள் மேசையில் தட்டி, “தண்ணி… தாங்க” என்று பாடினாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. ஆனால் அதே குரல்தான்.

ஊரெல்லாம் ராகம்

வாய் அடைபட்டால் காது திறக்கும் போலிருக்கிறது. அந்த நாட்களில் முன்விறாந்தையில் கதிரை போட்டுத் தெருவைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மீன்காரன் “கீரி… பாரை…” என்று கூவுவது ஒரு ராகம். சைக்கிள் மணி அடிக்காமலே அவன் எந்த முடுக்கில் நிற்கிறான் என்று சொல்லலாம். வரிப்பத்தான்சேனையிலிருந்து வருகிற என் மைத்துனர் வயலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகியவர், சலாம் சொல்லும்போதே கடைசி எழுத்தை இரண்டு வரம்பு தாண்டிக் கேட்கிற மாதிரி நீட்டுவார். காரைதீவுக்காரர் கேள்வி கேட்டால் குரல் ஒரு விதமாக மேலேறும், எங்களவர் கேட்டால் வேறு விதமாக ஏறும். சொல்லெல்லாம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஊரைச் சொல்லிவிடலாம்.

பாங்கு, ஓதல், மௌலவியின் பயான் பிரசங்கம், பிள்ளையைத் தூங்கவைக்கிற உம்மாமார், ஏலம் கூறுகிறவன், சண்டை பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரி. நாளெல்லாம் இந்த ஊர் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறோம். பாட்டு என்ற பெயரை மட்டும் அடுத்தவன் செய்வதற்கு வைத்திருக்கிறோம். அடுத்தவன் யார் என்பதை நானும் காக்காவும் தீர்மானித்தோம்.

அந்த வசனத்தை நாங்கள் மூன்றாக உடைத்துப் பழகினோம். என் மகள் ஹஸ்னாவை. பேசிய மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை கொடுக்கிற மணக்கொடைக்கு. உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன். வாய்ப்பாட்டின் வேகத்தில் என் நாக்கு அவ்வளவு நீளமான சொற்களைத் தாங்கவில்லை. நஸீமா வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். மேலே போகிற இடத்தில் நன்றாக நீட்டி, கீழே வருகிற இடத்தில் மெல்ல இறக்கி. அப்போது வந்தது. ஒரு நாளில் பத்துத் தரம் சொன்னால் ஆறு தரம் வந்தது. மிச்சம் நாலு தரமும் நடுவில் ‘பிழை’ வந்து விழுந்தது.

இப்படி இழுத்துச் சொன்னால் நிக்காஹ் கூடுமா என்று மௌலவியிடம் கேட்கப் போனது நஸீமாவும் காக்காவும். மௌலவி இளம் ஆள். என்னிடம் கணக்குப் படித்துத் தேறாமல் மத்ரஸாவுக்குப் போனவர். அவருக்கு என்மேல் கோபம் இருந்தால் அதைக் காட்ட நல்ல தருணம்.

“சொல்லு விளங்கணும், சாட்சிகளுக்குக் கேக்கணும்” என்றாராம். “சேர் இழுத்துச் சொல்றதால நிக்காஹ் இழுபடாது.”

“பாட்டாப் படிக்கிறானே மௌலவி!” என்றாராம் காக்கா.

“நோயாளிக்கு ஏலுமான மாதிரிச் சொல்லட்டும். நீங்க பக்கத்துல இரிங்க. ஏலாமப் போனா நீங்க சொல்லுங்க.”

காக்கா அதற்குச் சம்மதித்தார். ஏலாமல்தான் போகும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

நிக்காஹ்

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு மண்டபத்தில் நிக்காஹ். வெள்ளைத் துணி விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். வெளியே பந்தலில் சமையல்காரர்கள். அத்தர் மணமும் புரியாணி மணமும் கலந்து வந்தன. காக்கா ஒலிவாங்கி ஒன்றை எனக்கு முன்னால் நட்டுவைத்தார். வயரைப் பார்த்ததும் எனக்கே பிடுங்க வேண்டும் போல் இருந்தது.

மாப்பிள்ளையின் வலது கையில் என் வலது கையை மௌலவி எடுத்து வைத்தார். என் கைக்குப் பலமில்லை. அஸ்லம்தான் அதைப் பிடித்திருந்தான். இடது கையை எங்கே தட்டுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மேசை இல்லை. நான் அவனுடைய மணிக்கட்டில் வைத்தேன்.

எனக்கு ஒரே ஒரு பயம். ‘என் மகள் ஹஸ்னாவை’ என்று தொடங்கி ‘பிழை’ என்று முடித்துவிடுவேனோ? மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து ஒலுவிலிலிருந்து வந்திருந்தார்கள். மகளைக் கொடுக்கிற நேரத்தில் தகப்பன் ஒலிவாங்கியில் அப்படிச் சொன்னால், அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டாரின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? பக்கத்தில் காக்கா தொண்டையைச் செருமித் தயாராக இருந்தார்.

மணிக்கட்டில் தட்டினேன். “என்… மகள்… ஹஸ்னாவை…”

குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. சபை முழுவதும் தலை குனிந்தது. கைகள் ஏந்தப்பட்டன.

“ஆமீன்!” என்றார்கள் எல்லாரும்.

மெல்ல நீட்டி, உருக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் எங்கள் ஊரில் அது துஆ, இறைவனிடம் கேட்கிற பிரார்த்தனை. நோயாளி வாப்பா மகளுக்காக அழுது துஆ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். மௌலவி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரும் கையேந்துகிறார் என்று பின்வரிசையும் ஏந்தியது.

“பேசிய… மஹருக்கு…”

“ஆமீன்!” இந்தத் தரம் திரைக்குப் பின்னாலிருந்தும் வந்தது. பந்தலில் இருந்தும் வந்தது. மஹருக்கு இவ்வளவு பக்தியோடு ஆமீன் சொன்ன சபை வேறு எங்கும் இருந்திருக்காது.

அந்தச் சத்தத்தில் எனக்கு ராகம் நழுவியது. இடது கை நின்றுவிட்டது. மூன்றாவது துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாக்கின் நுனியில் ‘பிழை’ வந்து நின்றது. உதட்டை இறுக்கினேன். காக்கா ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பக் கை நீட்டினார்.

அப்போது என் கைக்குள் ஒரு தட்டு விழுந்தது. அஸ்லம். என்னுடைய விரல் விட்ட இடத்திலிருந்து அவன் பெருவிரல், அதே வேகத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டியது. அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தட்டை இவ்வளவு நேரம் கையில் வாங்கிக்கொண்டிருந்தவன், அது நின்றதும் காரியம் கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்திருக்கிறான்.

“உங்…களுக்கு… நிக்காஹ்… செய்து… தந்தேன்.”

வந்துவிட்டது. முழுதாக. ‘பிழை’ இல்லாமல்.

“ஆமீன்! ஆமீன்!”

மௌலவி இரண்டு சாட்சிகளையும் பார்த்தார். கேட்டது, விளங்கியது என்று தலையாட்டினார்கள். மாப்பிள்ளையைப் பார்த்தார். அஸ்லம் வாயைத் திறந்தான். பாவம், அவனும் மனிதன்தானே. கையில் தாளம், காதில் ராகம். “இந்த நிக்காஹ்வை… ஏற்றுக்… கொண்டேன்” என்று அதே ஏற்றத்தில் ஏறி அதே இறக்கத்தில் இறங்கினான். அதற்கும் ஆமீன். பிறகு மௌலவி உண்மையான துஆவைத் தொடங்கியபோது சபை களைத்துப் போயிருந்தது.

எழும்பியதும் காக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தார். சுற்றி நின்ற பெரியவர்களிடம் சொன்னார்: “பாத்தீங்களா, அந்த மிஸ் பாட்டெண்டு சொன்னா. என்ட தம்பி ஓதினான். பாட்டும் இல்ல, ஒண்டும் இல்ல. சுப்ஹானல்லாஹ், என்ன உருக்கம்!”

“ஓம், என்ன உருக்கம்” என்றார்கள் அவர்களும்.

தப்பிவிட்டேன். ஊர் முழுவதும் இனி அதை ஓதல் என்றே சொல்லும். என் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. வாய் திறக்காமல் இருப்பதற்கு வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு வைத்தியச் சான்றிதழும் இருந்தது.

திரை கொஞ்சம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் நஸீமா நின்றாள். காக்கா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் முகத்தில் கோபமில்லை. அரிசி புடைத்த அன்றைக்கு நான் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால், இப்படி ஒரு முகத்தைத்தான் பார்த்திருப்பேன். நான் செய்தது ஓதல், அவள் செய்தது பாட்டு என்றால், அவளை நிறுத்தியது சரியென்றே ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

இதற்கு நாங்கள் பழகியிருக்கவில்லை. எந்தச் சொல் மேலே, எந்தச் சொல் கீழே என்று தெரியாது. காக்காவின் தோளில் இடது கையை வைத்தேன். தட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்… பாடி…னன்” என்றேன். போதாது என்று பட்டது. நஸீமாவின் பக்கம் கையைக் காட்டினேன். “அவ… பாட்டு…”

காக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கைகளை ஏந்தினார். பெரியவர்களும் ஏந்தினார்கள்.

“ஆமீன்” என்றார்கள்.